கறிக்கோழியும் நோய்க் கிருமிகளும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், விதுரா என்னும் ஊரைக் கடந்தபின், மலையடிவாரத்தில் கல்லாறு என்ற சிற்றூர் இருக்கிறது. பெயருக்கேற்பப் பருத்த உருண்டைக் கற்களினூடே பாய்ந்துவரும் ஆறு ஊரின் அருகே ஓடுகிறது. அது கீழே இறங்கி வாமனபுரம் ஆற்றுடன் கலந்து, ஆற்றிங்கல் பகுதி மக்களுக்குக் குடிநீர் தந்து, மேற்கே காயலை அடைகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இம்மலைச் சரிவை நனைக்கின்றன. பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டையூசி வளைவுகள் இவ்வூரை அடுத்தே தொடங்குவதால், விடுமுறை நாட்களில் பயணிகள் இங்கே இறங்கி உண்பதும் வழக்கம். ஈரம் மிகுந்த காற்று, ஓடும் நீர், வழிப்போக்கர் கூடும் உணவுக் கடை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இத்தகைய இடங்களில் கோழி வளர்ப்பிலும் கோழி இறைச்சியிலும் பாக்டீரியாக்கள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

கறிக்கோழி என்றும் பிராய்லர் என்றும் நாம் கூறுவது, விரைந்து வளர்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இனம். முட்டையிலிருந்து வெளிவந்த அன்று 40 கிராம் அளவில் இருக்கும் குஞ்சு, சுமார் ஆறு வாரங்களில் இரண்டு கிலோவை எட்டிவிடுகிறது. நாட்டுக்கோழி இந்த எடையை அடையப் பல மாதங்கள் ஆகும். கேரளத்தில் உண்ணப்படும் கறிக்கோழியில் பெரும் பகுதி பல்லடம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களின் பண்ணைகளிலிருந்து லாரிகளில் வருவது. அண்மை ஆண்டுகளில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ‘கேரள சிக்கன்’ என்னும் திட்டத்தின் கீழ் உள்ளூரிலேயே கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கின்றனர். எங்கே வளர்ந்தாலும் ஒரே கொட்டகையில், ஒரே கூளத்தின் மீது, ஒரே வயதுள்ள ஆயிரக்கணக்கான பறவைகள் நெருங்கி வாழ்கின்றன. ஒன்றின் எச்சத்தை மற்றொன்று மிதிக்கிறது; கொத்தவும் செய்கிறது. ஒரு கிருமி பரவுவதற்கு இதைவிட வாய்ப்பான ஏற்பாட்டை எண்ணிப் பார்ப்பது கடினம்.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கோழிக்கு நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மனிதனுக்கு நோய் தருவதில்லை. மனிதனுக்கு நோய் தருபவை பெரும்பாலும் கோழிக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. நோயுற்று விழுந்த கோழியைப் பண்ணையாளர் எளிதில் அடையாளம் கண்டு விலக்கிவிடுகிறார். ஆனால் நன்றாகத் தின்று, கொழுத்து, துள்ளித் திரியும் கோழியின் குடலில் மனிதனைப் படுக்கையில் தள்ளும் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கலாம். ‘பறவை ஆரோக்கியமாக இருக்கிறது, ஆகவே இறைச்சியும் தூய்மையானது’ என்னும் முடிவு எவ்வளவு இயல்பாகத் தோன்றினும் தவறானது. பொதுமக்களிடையே இதை விளக்குவதுதான் நம் பணியில் கடினமான பகுதி.

முதலில் கோழியின் நோய்களைக் காண்போம். மழைக்காலத்தில் பண்ணைகளில் மிகுதியாகக் காணப்படுவது ஈ.கோலை என்னும் பாக்டீரியாவினால் வரும் நோய். ஜெர்மானிய மருத்துவர் தியோடர் எஷெரிக் 1885-இல் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த இக்கிருமி, எல்லாக் கோழிகளின் குடலிலும் இயல்பாகவே உண்டு. குடலில் இருக்கும்வரை பெரும் தீங்கில்லை. ஆனால் ஆழ்கூள முறையில் வளர்க்கும் கொட்டகையில் உமி நனைந்து, எச்சத்துடன் கலந்து அழுகும்போது அம்மோனியா வாயு எழுகிறது. கோழியின் மூச்சுக்குழலில் நுண்ணிய மயிர்கள் எப்போதும் அசைந்து தூசியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அம்மோனியா அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அதன்பின், உலர்ந்த எச்சத்தூள் கிருமிகளைச் சுமந்துகொண்டு தடையின்றி உள்ளே இறங்குகிறது.

பறவைகளின் சுவாச அமைப்பு நம்முடையதைப் போன்றதன்று. நுரையீரலிலிருந்து காற்றுப்பைகள் பல கிளைத்து வயிற்றறை முழுவதும் பரவி நிற்கின்றன. சில எலும்புகளுக்குள்ளும் புகுகின்றன. ஆகையால் மூச்சில் நுழைந்த கிருமி, ஈரலையும் இதயத்தையும் மிக எளிதில் நெருங்கிவிடுகிறது. இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால், கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டிய காற்றுப்பை மங்கித் தடித்திருக்கும். ஈரலின் மேலும் இதய உறையின் மேலும் பாலாடை போன்ற மஞ்சள் கலந்த வெண்படலம் படிந்திருக்கும். ஒருமுறை கண்டவர் இக்காட்சியை மறக்கமாட்டார். கிருமி எங்கிருந்தோ புதிதாக வந்ததன்று; கொட்டகையின் ஈரமே அதற்கு வழி திறந்துவிட்டது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

மற்றொன்று கோழிக் காலரா. இதைத் தரும் பாக்டீரியாவுக்குப் பாஸ்டரெல்லா என்று பெயர். லூயி பாஸ்டரின் நினைவாக இடப்பட்டது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் இக்கிருமியின் பழைய, வீரியம் குன்றிய வளர்ப்பைக் கோழிகளுக்குக் குத்தி, பின்னர் வீரியமுள்ள கிருமியைக் குத்தியபோது அவை பிழைத்து நின்றன. சோதனைச்சாலையில் கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி தயாரிக்கலாம் என்னும் பேருண்மை கோழிப் பண்ணையிலிருந்தே பிறந்தது என்பது மாணவருக்குச் சுவை தரும் செய்தி. கல்லாற்றிலிருந்து அதிக தூரமில்லாத பாலோட்டில், கேரள அரசின் கால்நடை உயிரியற்பொருள் நிலையம் வாத்துகளுக்கான பாஸ்டரெல்லாத் தடுப்பூசியை இன்றும் தயாரித்து வருகிறது.

ஸால்மொனெல்லா குடும்பத்தைச் சேர்ந்த இரு கிருமிகள் கோழிகளையே சிறப்பாகத் தாக்குபவை. ஒன்று புல்லோரம் நோயையும் மற்றொன்று கோழி டைபாய்டு நோயையும் தருகின்றன. தாய்க்கோழியிலிருந்து முட்டைக்குள்ளேயே குஞ்சுக்குப் போய்ச்சேரும் இயல்புடையது புல்லோரம். தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்து, நோயுள்ளவற்றை நீக்கி வந்தால் சில தலைமுறைகளில் அது மறைந்துவிடும். குஞ்சுகளுக்கு வெண்ணிறக் கழிச்சல் கண்டவுடன் நம் கிராமங்களில் ‘வெள்ளைக்கழிச்சல்’ என்று சொல்லிவிடுவர். அப்பெயர் வைரஸால் வரும் ராணிக்கெட் நோய்க்கு உரியது. பெயர்க் குழப்பத்தால் மருந்துக் குழப்பம் நேர்வதைக் களப் பணியாளர் அடிக்கடி கண்டிருப்பர். வைரஸ் நோய்க்குப் பாக்டீரியாக் கொல்லி மருந்தால் பயனில்லை.

இனி மனிதனைத் தாக்கும் கிருமிகளுக்கு வருவோம். 1888-இல் ஜெர்மனியில் பிராங்கன்ஹௌஸன் என்னும் ஊரில், நோயுற்ற ஒரு பசுவின் இறைச்சியை உண்ட பலர் வயிற்றுப்போக்கினால் வருந்தினர், ஒருவர் இறந்தார். கார்ட்னர் என்னும் விஞ்ஞானி, இறந்தவரின் உறுப்பிலிருந்தும் பசுவின் இறைச்சியிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இறைச்சியிலிருந்து மனிதனுக்கு நோய் வந்ததைக் கிருமியைக் கையில் பிடித்துக் காட்டிய முதல் நிகழ்ச்சிகளில் அது ஒன்று. அக்கிருமி இன்று ஸால்மொனெல்லா என்டெரிடிடிஸ் எனப்படுகிறது. முட்டை, கோழி இறைச்சி ஆகியவற்றின் வழியாக இன்றும் உலகெங்கும் மனிதரை வருத்தும் முதன்மையான வகைகளில் அதுவும் ஒன்று. ஸால்மொனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. இவற்றுள் டைபாய்டு தரும் வகை மனிதரிடம் மட்டுமே வாழ்வது. அதைக் கோழியின் கிருமிகளோடு சேர்த்து எண்ணலாகாது.

ஸ்வீடன் நாட்டில் 1953-ஆம் ஆண்டு கோடையில், ஆல்வெஸ்டா என்னும் ஊரின் ஒரு பெரிய இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய ஸால்மொனெல்லாவினால் சுமார் 9,000 பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். அடுத்த பத்தாண்டுக்குள் அந்நாடு தீவனம் முதல் இறைச்சிக் கூடம் வரை ஒவ்வொரு படியிலும் சோதனை நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே வளரும் கறிக்கோழியில் ஸால்மொனெல்லா காண்பது மிக அரிது. முடியாத காரியமன்று என்பதற்கு இது சான்று. ஆயினும் அந்நாட்டின் குளிரும் செல்வமும் நமக்கில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கேம்பைலோபாக்டர் என்னும் மற்றொரு கிருமியைப் பற்றி நம் மக்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. மேலை நாடுகளில் ஸால்மொனெல்லாவைவிட மிகுதியாக வயிற்றுப்போக்கு தருவது அதுதான். சுருள் வடிவான இக்கிருமிக்கு மிகவும் பிடித்த உஷ்ணநிலை 42 டிகிரி சென்டிகிரேடு. கோழியின் உடல் உஷ்ணமும் ஏறத்தாழ அதுவே. கோழியின் குடலை அது தன் வீடாகக் கொண்டது வியப்பன்று. சாதாரண வளர்ப்பு முறைகளில் அது வளராமையால் 1970-களில்தான், பெல்ஜியத்தில் பட்ஸ்லரும் இங்கிலாந்தில் ஸ்கிரோவும் செய்த ஆராய்ச்சிகளால் அதன் முக்கியத்துவம் வெளிப்பட்டது. சில நூறு கிருமிகளே நோய் தரப் போதுமானவை. அரிதாகச் சிலருக்கு, வயிற்றுப்போக்கு நீங்கிச் சில வாரங்களில் கைகால் தளர்ந்துபோகும் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோயும் தொடர்கிறது.

இதன் தொடர்பில் பெல்ஜியத்தில் 1999-இல் தற்செயலாக ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. கோழித் தீவனத்தில் டையாக்ஸின் என்னும் நச்சு கலந்துவிட்டதென அறிந்து, அரசாங்கம் ஜூன் மாதத்தில் உள்நாட்டுக் கோழியையும் முட்டையையும் சந்தையிலிருந்து நீக்கியது. அந்த வாரங்களில் கேம்பைலோபாக்டர் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. கோழி திரும்ப வந்ததும் பழைய நிலைக்கு ஏறியது. யாரும் திட்டமிட்டுச் செய்ய இயலாத சோதனை இது.

நம் பக்கத்து நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2012 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஷவர்மா வாங்கி உண்ட இளைஞர் ஒருவர், பெங்களூருக்குச் சென்றபின் இறந்தார். 2022 மே 1-ஆம் நாள், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்தார். அதே கடையில் உண்ட பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அக்கடையிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது, கோழி ஷவர்மாவில் ஸால்மொனெல்லா, ஷிகெல்லா ஆகிய இரு கிருமிகளும் இருந்தன. மிளகுத்தூளிலும் ஸால்மொனெல்லா காணப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார்.

செறுவத்தூர்ச் சோதனை முடிவைச் சற்று நின்று ஆராய்வது பயனுடையது. ஸால்மொனெல்லா கோழியிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் ஷிகெல்லா கோழியின் கிருமியன்று. மனித மலத்திலிருந்து, கழுவாத கையாலோ அசுத்தமான நீராலோ உணவை அடைவது. மிளகுத்தூளோ சமையல் முடிந்தபின் தூவப்படுவது. காயவைக்கும் களத்தில் பறவை எச்சமோ தூசியோ படிந்தால் உலர்ந்த பொருளிலும் ஸால்மொனெல்லா நெடுநாள் உயிரோடிருக்கும். ஆகவே ‘கோழிதான் குற்றவாளி’ என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இயலாது. கோழி, கை, நீர், பொடி எனப் பல வாயில்கள் ஒரே கடையில் திறந்திருந்தன.

ஷவர்மாவின் செய்முறையிலேயே ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. பச்சை இறைச்சித் துண்டுகளைக் கம்பியில் கோத்து, கனத்த கூம்பாக நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து சூடு காட்டுகின்றனர். வெளிப்புறம் வெந்து சிவந்ததும் சீவி எடுக்கின்றனர். கூட்டம் மிகுந்தால் கத்தி விரைகிறது; வேகாத உட்பகுதியும் சீவலில் சேர்ந்துவிடுகிறது. கூட்டம் குறைந்தால் அடுப்பை அணைத்துவிடுகின்றனர். கூம்பின் உட்புறம் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கிறது. அத்துடன் பச்சை முட்டையையும் எண்ணெயையும் கடைந்து செய்த மயோனைஸ் சேர்கிறது. நம் வீடுகளில் கோழிக் குழம்பு அரை மணி நேரத்துக்கு மேல் கொதிப்பது. அதில் எந்த ஸால்மொனெல்லாவும் பிழைப்பதில்லை. சந்தையில் உரித்த கோழியைச் சூடு ஆறுமுன் கொண்டுவந்து, உடனே சமைத்து, அன்றே உண்டு தீர்க்கும் பழைய வழக்கம், கிருமியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்கள் கைக்கொண்ட நல்ல பாதுகாப்பாக இருந்தது. உணவின் வடிவம் மாறிவிட்டது, பாதுகாப்பு மாறவில்லை.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. உடல் உஷ்ணத்தை ஒத்த இளஞ்சூட்டில், தகுந்த உணவில், ஸால்மொனெல்லா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. 100 கிருமிகளில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 800. இரண்டு மணியில் 6,400. நான்கு மணியில் 4,09,600. தொடக்கத்தில் கிருமி தன்னைச் சூழ்நிலைக்குப் பழக்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடிப்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருக்கலாம்; ஆயினும் போக்கு இதுவே. 5 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனால் கிருமி சாவதில்லை. 60 டிகிரிக்கு மேல் வளர இயலாது. இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் நம்பத்தக்க அளவில் அழிகிறது.

2023 ஜனவரியில் கேரள அரசு பிறப்பித்த ஆணைகளின் பொருள் இக்கணக்கை அறிந்தவருக்கு எளிதில் விளங்கும். பச்சை முட்டை மயோனைஸ் தடை செய்யப்பட்டது. பொட்டலமாகக் கொடுக்கும் உணவின் மேல் தயாரித்த நேரத்தையும், எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் குறித்த சீட்டு ஒட்ட வேண்டும் என விதிக்கப்பட்டது. சூடாக வழங்கும் உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் அதை உண்டுவிட வேண்டும். தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுக் காலத் தடை விதிக்கப்பட்டது. மலைப் பாதையில் பொட்டலம் வாங்கி, உச்சி வரை சுமந்து சென்று, காட்சிகளைக் கண்டு களித்தபின் உண்ணும் பொன்முடிப் பயணிக்கு அந்தச் சீட்டிலுள்ள நேரம் எவ்வளவு முக்கியமானதென்று தனியே கூற வேண்டுவதில்லை.

கோழி உரிக்கும் கடைகளைப் பற்றியும் சில சொற்கள். இறகு எளிதில் கழலுவதற்காகக் கோழியை வெந்நீரில் முக்குகின்றனர். நீரை மாற்றாமல் ஐம்பது கோழிகளை முக்கினால், ஐம்பதாவது கோழி முந்திய நாற்பத்தொன்பதின் எச்சத்திலும் குளித்தெழுகிறது. அடுத்து, ரப்பர் விரல்கள் பொருத்திய இயந்திரம் இறகைப் பறிக்கிறது. அவ்விரல்களின் வெடிப்புகளில் கிருமி தங்குகிறது. குடலை எடுக்கும்போது அது கிழிந்தால் கிருமி இறைச்சி முழுதும் பரவுகிறது. வெட்டு விழுந்து விழுந்து பள்ளமான மரக்கட்டையைத் துணியால் துடைப்பதில் பயன் சிறிதே. நீரை அடிக்கடி மாற்றுதல், குடல் எடுக்கும் இடத்தையும் இறைச்சி வெட்டும் இடத்தையும் பிரித்தல், மாலையில் கட்டையைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் நிறுத்துதல் ஆகியவை செலவு மிகுந்த சீர்திருத்தங்களல்ல.

வீட்டிலும் ஒரு வழக்கம் மாற வேண்டும். பச்சைக் கோழியைக் குழாயின் கீழே பிடித்துக் கழுவுகையில், கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறித்து அருகிலுள்ள பாத்திரம், கீரை, வெள்ளரிக்காய் ஆகியவற்றில் படிகின்றன. கறி பின்னர் வெந்துவிடும், வெள்ளரிக்காய் வேகப்போவதில்லை. மஞ்சள் தடவிக் கழுவாமல் கறி சமைப்பதா என்று நம் தாய்மார் கேட்பர். கழுவியே தீர வேண்டுமாயின், ஓடும் குழாயின் கீழன்றி, அகன்ற பாத்திரத்தில் நீரை நிரப்பி மெதுவாக அமிழ்த்தி எடுத்து, பாத்திரத்தையும் கையையும் உடனே சோப்பிட்டுக் கழுவுமாறு கூறலாம். வழக்கத்தை முற்றிலும் விடச் சொல்வதைவிட இது செவியில் ஏறும்.

இதை வகுப்பில் செய்து காட்ட எளிய வழியுண்டு. கிருமி எதையும் வளர்க்க வேண்டாம். பள்ளிகளில் அது கூடவும் கூடாது. ஒரு வாழைக்காயின் மேல் மஞ்சளை நீரில் குழைத்துக் கெட்டியாகப் பூசி, சுற்றிலும் வெள்ளைத் தாள்களை விரித்து, மேலிருந்து நீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். தாளில் விழுந்த மஞ்சட் புள்ளிகள் எவ்வளவு தூரம் சென்றன என்பதை மாணவர் அளந்து எழுதட்டும். பின்னர் அதே வாழைக்காயை ஒரு பலகையில் அரிந்து, பலகையை வெறும் துணியால் துடைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளரிக்காயை அரியச் சொல்லுங்கள். இப்போது பலகை, கத்தி, விரல், வெள்ளரித்துண்டு ஆகியவற்றில் சோப்பு நீரைத் தடவினால், தூய்மையானவை போல் தோன்றிய இடங்களிலும் மஞ்சள் இருந்தால் சிவந்துவிடும். காரப் பொருளுடன் மஞ்சள் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைத்த வீட்டுப் பிள்ளைகள் முன்பே அறிவர்.

பண்ணைக்குத் திரும்புவோம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் குடலில் ஏறத்தாழ எந்தக் கிருமியும் இருப்பதில்லை. தாயுடன் திரியும் நாட்டுக்கோழிக் குஞ்சு, தாயின் எச்சத்தைக் கிளறிக் கொத்தும்போதே நற்கிருமிகளைப் பெற்றுக்கொள்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த கறிக்கோழிக் குஞ்சுக்குத் தாய் இல்லை. அதன் வெறுமையான குடலில் முதலில் எது நுழைகிறதோ அது இடம் பிடித்துக்கொள்கிறது. பின்லாந்தில் 1971-இல் ஸால்மொனெல்லா பரவியபோது இதைக் கவனித்த எஸ்கோ நுர்மி, வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடற்கிருமிகளை இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஸால்மொனெல்லா அவற்றில் எளிதில் வேர்கொள்ளவில்லை. 1973-இல் அவரும் ரண்டாலாவும் வெளியிட்ட இம்முடிவிலிருந்துதான் இன்று தீவனத்துடன் கலந்து தரும் நற்கிருமிப் பொருள்கள் பல தோன்றின. தாய்க்கோழி அறியாமல் செய்துவந்ததை விஞ்ஞானம் அறிந்து செய்கிறது.

கிருமிக்கொல்லி மருந்துகளின் கதை இவ்வளவு மகிழ்ச்சியானதன்று. அமெரிக்காவில் லெடர்லி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக, சென்னையில் மருத்துவம் கற்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் விளங்கிய காலத்தில், அங்கே டக்கர் என்பவர் ஆரியோமைசின் மருந்தைக் கண்டறிந்தார். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டின் இறுதியில் அதே நிலையத்தைச் சேர்ந்த ஜூக்ஸும் ஸ்டாக்ஸ்டாடும், அம்மருந்து தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுத்தபோது அவை எதிர்பார்த்ததைவிட விரைந்து வளர்ந்தன. வைட்டமின் பி12-ஐத் தேடியவர்கள் கண்டது மருந்தின் விளைவை. விரைவிலேயே உலகெங்கும் தீவனத்தில் சிறிதளவு மருந்தைக் கலப்பது வழக்கமாயிற்று. ஆனால் 1951-லேயே, ஸ்ட்ரெப்டோமைசின் தின்ற வான்கோழிகளின் குடலில் அம்மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகியதை இரு ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். அந்த எச்சரிக்கைக்கு உலகம் செவிசாய்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை முற்றிலும் நிறுத்தியது 2006-இல்தான்.

காலிஸ்டின் என்பது, மற்ற மருந்துகள் பயன்படாத நோயாளிக்கு மருத்துவமனையில் இறுதியாகக் கையாளும் மருந்து. அதையும் கோழிகளுக்குக் கொடுத்து வந்தனர். 2015-இல் சீனாவில் பன்றிகளிலும் கோழி இறைச்சியிலும், காலிஸ்டினுக்கு அடங்காத தன்மையை ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் ஜீன் கண்டறியப்பட்டது. இந்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் காலிஸ்டின் தருவதைத் தடை செய்தது. கேரள மாநிலம் மருந்தெதிர்ப்பை அடக்குவதற்கென 2018-லேயே தனித் திட்டம் வகுத்திருந்தது. இறைச்சியை நன்றாகக் கொதிக்க வைத்தால் எதிர்ப்புள்ள கிருமியும் சாகும் என்பது உண்மை. ஆனால் அது குழம்புச் சட்டிக்கு மட்டும் வருவதில்லை. பண்ணையில் உழைப்பவரின் கையிலும், எருவாக விற்கும் கூளத்திலும், கொட்டகை கழுவிய நீரிலும் செல்கிறது.

நோய் வருமுன்னரே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று முதல் வாரத்தில் குடிநீரில் மருந்து கலப்பவர் பலர். ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவரை இதற்காக வைவதில் பயனில்லை. சில நூறு குஞ்சுகள் இறந்தால் அவருடைய ஆறு வார உழைப்பின் கூலி கரைந்துபோகிறது. மருந்து வாங்கும் பணத்தில் பாதியைக் கூளத்துக்கும் நீருக்கும் செலவிட்டால் இறப்பு குறையும் என்பதைக் கொட்டகையிலேயே காட்டினால்தான் அவர் ஏற்பார். ஒரு கைப்பிடிக் கூளத்தை இறுகப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. சற்றே ஒட்டி உதிர்ந்தால் சரி. நீர்க்குழாயில் சொட்டும் இடத்தை முதலில் அடைக்க வேண்டும். பிறகே கூளத்தைக் கிளறுதலும் புது உமி சேர்த்தலும். அம்மோனியாவை அறிய மூக்கே கருவி. ஆனால் நாள்தோறும் உள்ளிருப்பவரின் மூக்கு பழகிவிடுவதால், வெளியிலிருந்து வருபவரின் மூக்கையே நம்ப வேண்டும். முழங்காலிட்டு, கோழியின் தலை உயரத்தில் மூச்சிழுத்துப் பார்ப்பது நல்லது.

ஓடையிலிருந்து பண்ணைக்கு நீர் எடுப்போர், 1,000 லிட்டருக்குச் சுமார் 10 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து, அரை மணி கழித்துக் கொடுக்கலாம். மழை பெய்து நீர் கலங்கியிருக்கும்போது மண்ணும் அழுக்குமே குளோரினைத் தின்றுவிடுகின்றன. ஆகவே முதலில் தெளிய வைக்க வேண்டும். ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் குடிநீரில் கொடுக்கும் நாளில் பிளீச்சிங் பவுடர் கூடாது. அது தடுப்பு மருந்திலுள்ள உயிருள்ள வைரஸையும் கொன்றுவிடும்.

குடலையும் இறகையும் இரவில் ஆற்றில் கொட்டுவது கேரளத்தின் பல ஆறுகளுக்கு நேர்ந்துவரும் கொடுமை. கல்லாற்றில் எறிந்தது வாமனபுரம் ஆற்றின் குடிநீர்க் கிணறுகளை நோக்கியே செல்லும். இறந்த கோழிகளை ஆழக் குழியிலிட்டுச் சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். குழி, கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளியும் மேட்டிலும் இருத்தல் அவசியம்.

ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால், மருந்துக் கடையில் ஆலோசனை கேட்பதற்கு முன் பாலோட்டிலுள்ள கால்நடை நோய் ஆய்வு நிலையத்துக்குச் செய்தி அனுப்புக. அப்போதுதான் இறந்த இரண்டு மூன்று கோழிகளை, மருந்து எதுவும் கொடுக்குமுன், இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் வைத்து அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். உறைந்துபோகும்படி வைத்தால் திசுக்கள் சிதைந்து ஆய்வு கெடும். பண்ணையின் பெயர், கோழிகளின் வயது, மொத்த எண்ணிக்கை, நாள்வாரியாக இறந்தவை, போட்ட தடுப்பூசிகள், கொடுத்த மருந்துகள் ஆகியவற்றைப் பென்ஸிலால் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உள்ளே வைக்காமல் வெளியே கட்டி அனுப்புக. மை ஈரத்தில் கரைந்துவிடும்.